படிப்புக்கும் வேலைக்கும் நடுவே ஒரு விசாரிப்பு

உயர்கல்விக்கான அகில இந்தியக் கணக்கெடுப்பு 2021-22இல் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதத்தை 47 என்று குறித்தது. நாட்டின் சராசரி 28.4. கல்லூரி வயதில் இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். பள்ளிக்கூடம், சத்துணவு, இலவசப் பஸ் பாஸ், இட ஒதுக்கீடு, முதல் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை என்று பல தலைமுறைகள் சேர்ந்து செய்த வேலை இது. பெருமைப்பட வேண்டிய எண்தான்.

அதன் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2022-23இல் இந்தியாவில் 15 வயதைக் கடந்தவர்களிடையே வேலையின்மை 3.2 விழுக்காடு. பட்டதாரிகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் 13.4 விழுக்காடு. படிக்காதவர் கிடைத்த வேலைக்குப் போயே தீர வேண்டும். பட்டதாரி கொஞ்ச நாள் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புக்குக் காரணங்கள் பல. தகுதிக்கேற்ற வேலை போதுமான அளவில் இல்லை என்பதே முதற் காரணம், அதை யாரும் மறைக்க முடியாது. ஆனால் அதற்கு அடுத்தபடியாக நாம் பேசாமல் விட்ட காரணம் ஒன்று உண்டு. தான் படித்த படிப்பை வைத்துச் செய்யக்கூடிய வேலைகள் என்னென்ன, அவை எங்கே நடக்கின்றன, அங்கே காலை முதல் மாலை வரை ஒருவர் என்ன செய்கிறார் என்பது பெரும்பாலான மாணவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியையும் நாம் சொல்லித் தருவதில்லை.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவே ஏதோ ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். “இதப் படிச்சிட்டு என்ன பண்ணப் போற?” என்று உறவுக்காரர்கள் கேட்டால் அவளிடம் தயாராக இருக்கும் பதில்கள் நாலைந்துதான்: பி.எட். முடித்து டீச்சர், இல்லாவிட்டால் எம்.எஸ்சி., இல்லாவிட்டால் பேங்க் எக்ஸாம், குரூப் எக்ஸாம், எதுவும் சரிவராவிட்டால் ஐ.டி.யில் ஏதாவது ஒரு கோர்ஸ். அவளுடைய ஊரில் கண்ணுக்குத் தெரியும் படித்த வேலைகள் இவைதான். ஆசிரியரைத் தினமும் பார்க்கிறாள், பாங்குக்காரரையும் வி.ஏ.ஓ.வையும் பார்க்கிறாள், சித்தப்பா மகன் பெங்களூரில் இருக்கிறான்.

மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 2004இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆசைப்படுவதையே ஒரு திறன் என்று பார்த்தார். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசை குறைவு என்று அவர் சொல்லவில்லை. ஓர் ஆசைக்கும் அதை அடைவதற்கும் இடையில் இருக்கும் படிகளை வசதியுள்ளவர்கள் அடிக்கடி ஏறிப் பார்த்திருக்கிறார்கள், மற்றவர்களுக்கு அந்தப் பழக்கம் வாய்க்கவில்லை என்றார். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடும் விவரத்தை நம் மாணவி வெளியே போய் விசாரித்துச் சேகரிக்க வேண்டும். அந்தச் சேகரிப்பு முறையாகச் செய்யவேண்டிய ஓர் ஆய்வு. மூன்றாண்டுப் படிப்பில் அதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படாதது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

தொழில் வழிகாட்டல் என்ற துறை தொடங்கிய விதத்தை நினைத்துப் பார்க்கலாம். 1908 ஜனவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், குடியேறிகள் நெருக்கமாக வாழ்ந்த பகுதியில், ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் ஆலோசனை அலுவலகம் ஒன்றைத் திறந்தார். அதே ஆண்டு இறந்தும் போனார். மறு ஆண்டு வெளிவந்த அவருடைய நூலில் மூன்று படிகளைச் சொல்லியிருந்தார்: உன்னை அறிந்துகொள், தொழில்களை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவுசெய். பிறகு வந்தவர்கள் முதல் படியைப் பெரிதாக வளர்த்தெடுத்தார்கள். மனப்பாங்குச் சோதனைகள், ஆளுமை வகைப்பாடுகள் என்று அது தனி வியாபாரமாகவே ஆகிவிட்டது. நம் கல்லூரிகளில் நடக்கும் வழிகாட்டு முகாம்களிலும் இதைத்தான் பார்க்கிறோம்: ஒரு சோதனைத் தாள், ஓர் உற்சாகப் பேச்சு, கடைசியில் குரூப் போட்டோ. இரண்டாம் படி அப்படியே கிடக்கிறது. இந்திய அரசின் 2015ஆம் ஆண்டுத் தேசியத் தொழில் வகைப்பாடு சுமார் 3,600 தொழில்களை எண் கொடுத்து விவரிக்கிறது. நம் மாணவிக்குத் தெரிந்தது ஐந்து. அந்த ஐந்துக்குள் எது பொருந்தும் என்று சோதனைத் தாள் வைத்துப் பார்த்து என்ன பயன்?

இரண்டாம் படியை அவள் எங்கே தொடங்கலாம்? அவள் பஸ்ஸில் கடந்துபோகும் சாயப்பட்டறையிலேயே தொடங்கலாம்.

வெளிநாட்டு பையர் ஒருவர் டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போது நிறத்துக்கு ஒரு மாதிரித் துணித்துண்டோ, பான்டோன் எண்ணோ அனுப்புவார். அந்த நிறத்தைப் பருத்தித் துணியில் கொண்டுவர வேண்டும். டையிங் ஆலையின் லேபில் இருக்கும் கெமிஸ்ட் ஐந்து, பத்து கிராம் துணியை எடுத்துச் சின்னக் குடுவைகளில் போட்டு, இரண்டு மூன்று சாயங்களைத் துணியின் எடைக்கு இத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு ஊற்றி, உப்பும் சோடா சாம்பலும் சேர்த்து, ஏறத்தாழ 60 டிகிரியில் ஓட்டிப் பார்க்கிறார். அலசிக் காயவைத்த துண்டை லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65 விளக்கில் ஒருமுறையும் கடை வெளிச்சத்துக்கு நிகரான விளக்கில் ஒருமுறையும் பார்க்கிறார். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போன நிறம் இன்னொன்றில் விலகி நிற்கும். அப்படி விலகினால் சாயக் கூட்டையே மாற்ற வேண்டும். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் வித்தியாசத்தை எண்ணாகச் சொல்லும். ஆனாலும் கண் பழகியிருக்க வேண்டும். தேறிய இரண்டு மூன்று துண்டுகளை அட்டையில் ஒட்டி பையருக்கு அனுப்புகிறார்கள். இதற்குப் பெயர் லேப் டிப். அது அப்ரூவ் ஆகாமல் நூற்றுக்கணக்கான கிலோ துணி சாயத் தொட்டிக்குள் இறங்காது.

இதில் அந்த மாணவியின் பாடம் எங்கே வருகிறது? சோடா சாம்பல் ஏன் சேர்க்கிறார்கள் என்பதில். ரியாக்டிவ் சாயம், காரத்தன்மையுள்ள நீரில்தான் செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதியோடு சகப்பிணைப்பில் சேரும். அதனால்தான் துவைத்தாலும் போவதில்லை. உப்பு எதற்கு என்றால், நீரில் கரைந்துள்ள சாயத்தைத் துணிப் பக்கம் தள்ள. கரிம வேதியியல் தாளில் மதிப்பெண்ணுக்காக எழுதியதெல்லாம் பக்கத்து ஊரில் ஏற்றுமதிப் பொருளாகப் பார்சல் ஏறுகிறது.

அதே உப்புதான் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்காடிய பிறகு, 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் ஆலை ஓடலாம் என்ற நிலை வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இன்று உயிரியல் தொட்டிகள், ஆர்.ஓ. சவ்வுகள், ஆவியாக்கிகள் என்று அடுக்கடுக்காக வேலை நடக்கிறது. மீட்ட தண்ணீரும் உப்பும் மறுபடி ஆலைக்கே போகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் நீரைச் சோதித்துக் குறிக்க ஆள் வேண்டும். சாயம் போகிறதா, தடைசெய்யப்பட்ட ரசாயனம் இருக்கிறதா என்று பார்க்கும் துணிச் சோதனைக் கூடங்களும் இருக்கின்றன. சாய, ரசாயனக் கம்பெனிகள் ஆலைகளுக்குப் போய் ஆலோசனை சொல்லும் டெக்னிக்கல் ஆட்களை வைத்திருக்கின்றன. லேப் அசிஸ்டண்ட்டாகத் தொடங்கியவர் லேப் இன்சார்ஜ் ஆகலாம், புராசசிங் மேனேஜர் ஆகலாம், பையிங் ஆபீஸுக்கு மாறலாம்.

இவற்றைச் சொல்வதால் எல்லோரும் சாயப்பட்டறைக்குப் போங்கள் என்று பொருளாகாது. வெக்கை இருக்கும், வாடை இருக்கும், ஷிப்ட் இருக்கும். ஆர்டர் அவசரத்தில் லேப் டிப் மூன்றாம் முறை திரும்பி வந்தால் திட்டு கெமிஸ்ட்டுக்குத்தான். சின்ன யூனிட்டுகளில் நியமனக் கடிதமும் பி.எஃப்.பும் இல்லாமல் போகலாம். பெண்களை லேபில் வைத்துக்கொள்ளும் இடமும் உண்டு, தயங்கும் இடமும் உண்டு. எல்லாம் தெரிந்த பிறகு அவள் வேண்டாம் என்று சொல்லலாம். தெரியாமலே அந்த வாசலைக் கடந்துபோவதுதான் வருத்தம். ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல், கோயம்புத்தூரில் பம்ப், சிவகாசியில் அச்சு, ஓசூரில் வாகன உதிரிபாகம் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடத்தில் இருக்கும் மாநிலம் இது. அதன் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலைக்குள் ஒரு பட்டதாரி என்ன செய்வார் என்பது தெரியவில்லை.

இந்த விவரமெல்லாம் யாரிடம் இருக்கிறது? அந்த வேலையைச் செய்பவரிடம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறிய 282 ஆண்களை ஆராய்ந்தார். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தெரிந்தவர் மூலமாகவே வேலை பெற்றிருந்தார்கள். அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்தான் புதிது. அடிக்கடி சந்திப்பவர் என்றவர்கள் 17 விழுக்காட்டைத் தாண்டவில்லை. மற்ற எல்லோரும் எப்போதாவது, அல்லது அரிதாகப் பார்க்கும் ஆளைத்தான் சொன்னார்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் முன்பே தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி இருப்பவர்தான் நாம் அறியாத இடத்திலிருந்து சேதி கொண்டுவருகிறார். 2022இல் லிங்க்ட்இன் பயனாளர்கள் சுமார் 2 கோடிப் பேரிடம் ஐந்தாண்டுகள் நடந்த சோதனைகளை அலசிய ஆய்வு ஒன்று இதைச் சற்றுத் திருத்தி உறுதிசெய்தது: ரொம்ப நெருக்கமும் இல்லாமல், முற்றிலும் அந்நியமும் இல்லாமல் நடுவில் இருக்கும் அறிமுகங்களே வேலை மாற அதிகம் உதவின.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அறிமுகங்கள் சாதி வழியாகவும் உறவு வழியாகவும் ஓடுகின்றன. வேலை பற்றிய சேதியும் அதே வாய்க்காலில்தான் பாய்கிறது. சாயத் தொழிலில் சொந்தக்காரர்கள் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு லேப் டிப் என்னவென்று தெரியும். தலித் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைக்கு, மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு அந்த வாய்க்கால் எட்டாது. ஆகவே “நெட்வொர்க் வளர்த்துக்கொள்ளுங்கள்” என்று மேடையில் சொல்லிவிட்டுப் போவது போதாது. அறிமுகத்தை உண்டாக்கித் தருவது கல்லூரியின் கடமை.

மாணவி தன்னளவில் செய்யக்கூடியதும் உண்டு. தன் துறையில் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்த ஓர் அக்காவையோ அண்ணனையோ தேடிப் பிடித்து, அரை மணி நேரம் கேட்டுப் பேசலாம். “வேலை இருக்குதுங்களா?” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “நேத்து உள்ள போனதுல இருந்து வெளிய வர்ற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்கண்ணா?” என்று கேட்டால் மனிதர்கள் மலர்ந்து பேசுவார்கள். தன் வேலையைப் பற்றி யாரும் இப்படிக் கேட்டதில்லை என்ற ஆதங்கம் பலருக்கும் உண்டு. முதல் மாதம் கையில் எவ்வளவு வந்தது, இப்போது எவ்வளவு, உங்களோடு சேர்ந்தவர்களில் விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள், கல்லூரியில் எதைப் படித்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறீர்கள், இந்த வேலைக்கு நாளை மிஷின் வந்துவிடுமா என்று ஒன்றொன்றாகக் கேட்கலாம். பெண்ணாக இருந்தால் ஷிப்ட் முடிந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு, கழிப்பறை எப்படி, கல்யாணத்துக்குப் பிறகும் வேலையில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். விட்டுப் போனவர் ஒருவரைத் தனியே பார்த்துப் பேசிவிட்டால் படம் இன்னும் தெளியும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும். நாலு பேரிடம் பேசிய பிறகு எது ஒருவரின் சொந்த மனக்குறை, எது அந்தத் தொழிலின் இயல்பு என்று பிரித்துப் பார்க்க அந்த நோட்டுதான் உதவும்.

பேசித் தெரிந்துகொள்வதோடு எண்களைப் படிக்கவும் பழக வேண்டும். கல்லூரி வாசலில் தொங்கும் பிளெக்ஸில் “90% பிளேஸ்மெண்ட்” என்றிருக்கும். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 400 பேர் படித்து முடித்தார்கள். அரியர் இல்லாதவர், மதிப்பெண் வரம்பைத் தாண்டியவர் என்று சலித்து 250 பேரைத் தகுதியானவர்களாக வைத்தார்கள். வந்த ஆஃபர்கள் 225. ஆக 90 விழுக்காடு. அதில் 60 ஆஃபர் முன்பே ஒன்று வாங்கியவர்களுக்குப் போன இரண்டாவது ஆஃபர். வேலை கிடைத்த மனிதர்கள் 165 பேர். 400க்கு 165 என்றால் 41 விழுக்காடு. பொய் எதுவும் எழுதப்படவில்லை. வகுக்கும் எண்ணையும் எண்ணும் பொருளையும் மாற்றியதே போதுமானதாக இருந்தது.

சம்பளத்திலும் இப்படித்தான். ஐந்து பேருக்கு ஆண்டுக்கு 2.4, 2.5, 2.6, 2.8, 12 லட்சம் என்றால் சராசரி 4.46 லட்சம். வரிசையின் நடுவில் நிற்பவர் வாங்குவது 2.6 லட்சம். பிளெக்ஸில் வருவது 12. இந்த நடுமதிப்பை அறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. மத்திய அரசு 2016 முதல் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் உரிய காலத்தில் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்கள் சம்பளத்தின் நடுமதிப்பு என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று ஆண்டுவாரியாக எழுதிக் கொடுக்கின்றன. அது எவரும் படிக்கும்படி வெளியிடப்படுகிறது. கல்லூரியே கொடுத்த கணக்கு என்பதால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை, ஆனால் பிளெக்ஸையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறையப் புரியும். ஆஃபர் கடிதத்தில் சி.டி.சி. 3 லட்சம் என்றால் மாதம் 25,000 கைக்கு வரும் என்று வீட்டில் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். முதலாளி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு, வேலைத்திறனைப் பொறுத்துக் கிடைக்கும் தொகை எல்லாம் அந்த மூன்று லட்சத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். பாண்ட் உண்டா, இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், அசல் சான்றிதழைக் கேட்பார்களா என்பதைக் கையெழுத்துக்கு முன் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

அரசுத் தேர்வைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. 2022இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு 7,301 இடங்கள் அறிவிக்கப்பட்டன. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வில் பட்டதாரிகள் கூட்டமாக அமர்கிறார்கள். அரசு வேலையை விரும்புவது பிழையான ஆசை இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம், மரியாதை, சாதி பார்த்து வெளியே நிறுத்தாத நியமனம் எல்லாம் சேர்ந்த வேலை வேறெங்கே இருக்கிறது? ஆனால் ஆராய்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது. 2001 முதல் 2006 வரை தமிழ்நாடு அரசு புதிய நியமனங்களைப் பெருமளவு நிறுத்திவைத்தது. அந்தக் காலத்தைப் பொருளாதார ஆய்வாளர் குணால் மங்கல் ஆராய்ந்தார். இடங்கள் குறைந்தால் இளைஞர்கள் வேறு வேலைக்குத் திரும்பியிருப்பார்கள் என்றுதான் எவரும் நினைப்போம். நடந்தது வேறு. அந்த ஆண்டுகளில் கல்லூரி முடித்த ஆண்கள் வேலைக்குப் போகாமல் தேர்வுக்குத் தயாராவதிலேயே கூடுதல் காலம் கழித்தார்கள். பின்னாளில் அவர்களுடைய சம்பாத்தியமும் பாதிக்கப்பட்டது. ஆகவே தேர்வு எழுத முடிவு செய்பவர் எத்தனை ஆண்டு, எத்தனை முறை, அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி, வராவிட்டால் அடுத்தது எது என்பதை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மூன்றாம் தோல்விக்குப் பிறகு அதைத் தெளிவாக யோசிக்க மனம் இடம்கொடுக்காது.

கேட்டது, படித்தது எல்லாவற்றுக்கும் மேல், உள்ளே போய்ப் பார்ப்பதற்கு நிகராக எதுவும் இல்லை. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் பின்னாளில் திருத்தப்பட்டு பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் இடம் தந்தது. தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. 2019 விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு மாத உதவித்தொகையைக் குறைந்தது 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தன. அதில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. ஓராண்டு இருந்து பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் கௌரவமாக வெளியே வரலாம். கையில் சான்றிதழும் இருக்கும். கலை அறிவியல் மாணவர்களில் பலர் இது பொறியியல்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

பெற்றோரையும் இந்த விசாரிப்புக்குள் கொண்டுவர வேண்டும். பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் டெல்லியைச் சுற்றியுள்ள 160 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார். அவற்றில் பாதிக் கிராமங்களுக்கு மட்டும் அலுவலகச் சேவை நிறுவனங்களுக்கு ஆள் எடுப்பவர்களை மூன்றாண்டுகள் அனுப்பி, இந்த வேலை என்ன, யாருக்குக் கிடைக்கும், எப்படி விண்ணப்பிப்பது என்று பெண்களுக்குச் சொல்ல வைத்தார். அந்தக் கிராமங்களில் இளம் பெண்களின் திருமணமும் குழந்தைப்பேறும் தள்ளிப்போயின, வேலைக்குப் போனவர்கள் கூடினார்கள், சிறுமிகளின் பள்ளிப் படிப்பு நீண்டது. பணமோ இட ஒதுக்கீடோ தரப்படவில்லை. வேலை பற்றிய சேதியும் அதற்குப் போகும் வழியும் வீடு தேடி வந்தன. “பொம்பளப் புள்ளைய அங்கெல்லாம் அனுப்ப முடியாது” என்று மறுக்கும் அப்பா, பல சமயம் ‘அங்கே’ என்பதைப் பார்த்ததே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையில் இருக்கும் ஓர் அக்காவின் வீட்டுக்கு அப்பாவையும் அழைத்துப் போய்ப் பேசவைத்தால் அவருடைய பயத்தில் எது நியாயம், எது கேள்விப்பட்டது என்று அவருக்கே தெரியவரும்.

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரிகளுக்குள் திறன் பயிற்சிகளைக் கொண்டுவந்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் பயிற்சி எதற்கு என்ற கேள்வி அதற்கு முன்னால் நிற்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தரக்கூடிய ஆவணம் கல்லூரிகளின் பெரும்பாலான துறைகளில் இல்லை: பத்தாண்டுகளில் இங்கே படித்து முடித்தவர்கள் இன்று எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள் என்ற பதிவேடு. தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போது அவசரமாகத் தொகுக்கும் பட்டியலை நான் சொல்லவில்லை. இறுதியாண்டு புராஜெக்டாக நாலைந்து மாணவர்கள், சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து பழைய மாணவர்களைத் தேடி, அவர்கள் சம்மதத்தோடு பேசி எழுதலாம். முதல் வேலை, இப்போதைய வேலை, நடுவில் வீட்டில் இருந்த காலம், வேலையை விட்ட காரணம், பேசச் சம்மதிப்பாரா என்ற ஐந்து பத்திகள் போதும். வேலைக்கே போகாதவர்களையும், கல்யாணத்தோடு நின்றுவிட்டவர்களையும் விடாமல் எழுத வேண்டும். அந்த நோட்டு துறை நூலகத்தில், முதலாமாண்டு மாணவி கேட்டால் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் இருக்கட்டும். வேதியியல் துறையில் ஆண்டுக்கு 50 பேர் என்றால் பத்தாண்டுக்கு 500 பேர். ஒரு செமஸ்டரில் பாதிப் பேரையாவது பிடித்துவிடலாம்.